பித்தளை தெரியும் நிக்கான் எஃப்: எதைச் சரிசெய்யலாம், எதை அப்படியே விட வேண்டும்

கேள்வி இது: பெயர்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் 1960களில் வைத்திருந்த கறுப்பு நிக்கான் எஃப் கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஓரமெல்லாம் பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிகிறது. கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரில், பிரிசம் இருக்கும் கூம்பின் மேல் ஒடுக்கு விழுந்திருக்கிறது. ஃபோட்டோமிக் எஃப்டிஎன் என்ற அந்தக் கழற்றி மாட்டும் ஃபைண்டருக்குள் இருக்கும் ஒளி மீட்டரின் முள் அசையவில்லை. ஒரு வினாடியில் வைத்து அழுத்தினால் ஷட்டர் பாதியில் தயங்கி நின்று, பிறகு இழுத்துக்கொண்டு மூடுகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து, முழுக்கப் பழுது பார்த்து, ஃபிலிம் போட்டு எடுக்கலாமா? இது அவருடைய கேமராதான் என்று எப்படி உறுதி செய்வது?

பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். பழுது பார்க்கலாம், ஃபிலிம் போட்டும் எடுக்கலாம். அதற்குக் காரணம் சொல்கிறேன். இப்படிப்பட்ட கேமராவில் இரண்டு வகைத் தேய்மானம் கலந்து கிடக்கும். ஒரு வகை, அவருடைய கையும் தோளும் வாரும், பக்கத்தில் தொங்கிய இன்னொரு கேமராவும் உண்டாக்கியது. இன்னொரு வகை, அவர் அதைக் கீழே வைத்த பிறகு அலமாரியில் கிடந்த காலம் உண்டாக்கியது: காய்ந்த கிரீஸ், பொடியாகிப்போன நுரை, கசிந்த பேட்டரி, லென்ஸுக்குள் பூஞ்சை. முதல் வகையில் ஒரு கீறலைக்கூட அழிக்கக் கூடாது. இரண்டாவது வகையில் படத்தைக் கெடுப்பதையெல்லாம் சரிசெய்யலாம், செய்யவும் வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

கம்போடியாவில் துப்பாக்கிக் குண்டைத் தாங்கி, பிரிட்டிஷ் போர்ப் புகைப்படக்காரர் டான் மக்கல்லினின் உயிரைக் காத்த கேமராவும் ஒரு நிக்கான் எஃப்தான். குண்டு பட்ட தடத்தோடுதான் அது கண்காட்சிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தலாம் என்று யாருக்கும் தோன்றாது. பெயின்ட் தேய்ந்த ஓரமும் அதே போன்ற சான்றுதான், அதைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அமெரிக்கப் போர்ப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக லைக்கா நிறுவனம் 1955இல் செய்து கொடுத்த எம்3டி கேமராக்களில் ஒன்று 2012இல் வியன்னா ஏலத்தில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. அதுவும் பெயின்ட் உரிந்து பித்தளை பளிச்சிட்ட நிலையில்தான் போனது.

எதையும் துடைப்பதற்கு முன்னால் படம் எடுத்து வையுங்கள். ஆறு பக்கமும், பிறகு பின்மூடியைக் கழற்றி உள்பக்கமும், ஃபைண்டரைக் கழற்றி அதன் அடிப்பக்கமும் எடுக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்தால் ஒடுக்கும் கீறலும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவுகோல் இருக்கட்டும். உடலின் எண், ஃபைண்டரின் எண், லென்ஸ் எண் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு டேப் ஒட்டியிருந்தாலோ, எழுத்து பொறித்த பிளாஸ்டிக் பட்டை இருந்தாலோ பிய்க்காதீர்கள். கேமராவின் பெயரையும் பளபளப்பையும் மறைக்க டேப் ஒட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். அந்த டேப்பும் கேமராவின் ஒரு பாகம்தான்.

இனி தேய்மானத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே கறுப்பாக வந்த எஃப் கேமராவில் பித்தளையின் மேல் நேராகப் பெயின்ட் இருக்கும். பெயின்ட் தேய்ந்தால் அடுத்து மஞ்சள்தான் தெரியும். குரோம் பூசிய வெள்ளை கேமராவுக்கு யாரோ பிற்பாடு கறுப்பு அடித்திருந்தால், தேய்ந்த இடத்தில் முதலில் வெள்ளியாகக் குரோம் தெரியும். அப்படித் தெரிவதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட முடியாது. வெயிலில் பளிச்சிடாமல் இருக்க வெள்ளை கேமராவுக்குக் கறுப்பு அடித்துக்கொண்ட புகைப்படக்காரர்களும் உண்டு. ஆனால் தொழிற்சாலைக் கறுப்பு என்று சொல்லி விற்றிருந்தால் அந்தப் பேச்சு பொய்.

உண்மையான தேய்மானத்துக்கு ஒரு சாய்மானம் உண்டு. நடுவில் விரல் பட்டுப் பட்டு வழவழப்பான பித்தளை, அதைச் சுற்றிப் பழுப்பு, பிறகு மெலிந்த பெயின்ட், பிறகு முழுப் பெயின்ட். ஓரம் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் பெயின்டின் கரை கூர்மையாக நிற்கும், பித்தளை மேல் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் இருக்கும், கை படவே படாத குழிகளிலும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேயும் இடங்களும் ஏதோ ஒன்றைச் சொல்லும். அடித்தட்டின் நான்கு ஓரங்கள் மேசையிலும் தரையிலும் வைத்ததால் தேய்ந்தவை. ஒரு பக்கவாட்டு மட்டும் பெரிய திட்டாகத் தேய்ந்து சிறு சிறு கொத்தல்களோடு இருந்தால், பக்கத்தில் இன்னொரு கேமரா தொங்கி மோதியிருக்கிறது என்று அர்த்தம். அகலக் கோண லென்ஸோடு ஒன்று, டெலி லென்ஸோடு ஒன்று என்று இரண்டு மூன்று உடல்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் கேமராக்களில் இது சகஜம். இருப்பதிலேயே நம்பகமான இடம் வார் மாட்டும் காதுதான். அதில் தொங்கும் இரும்பு வளையம் ஒவ்வொரு அடிக்கும் அறுத்து அறுத்து, வட்டமான ஓட்டையை மேல்பக்கம் நீள்வட்டமாக்கிவிடும். வளையத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்: அறுத்த பள்ளம் கண்ணாடிபோல மினுங்க வேண்டும், வளையத்தின் உள்பக்கமும் அதே அளவு மெலிந்திருக்க வேண்டும். பெயின்டைத் தேய்த்துப் பழசாக்குகிறவர்கள் இந்தக் காதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். உடம்பெல்லாம் பித்தளை தெரிந்து காது மட்டும் புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அவருடையதுதானா என்ற கேள்விக்கு முதலில் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். நிக்கான் எஃப் வெளிவந்தது 1959இல். உடல் எண்கள் 6400001 என்று தொடங்கின. முதல் இரண்டு இலக்கத்தைத் தயாரித்த ஆண்டாக எடுத்துக்கொண்டு 64 என்றால் 1964 என்பவர்கள் நிறையப் பேர், அது தவறு. ஆரம்பக் கேமராக்களின் மேல்தட்டில் நிப்பான் கோகாகு என்ற பழைய பெயர்ச் சின்னம் இருக்கும். 1960களின் நடுவில் அது நிக்கான் என்று மாறியது. ஃபிலிமை நகர்த்தும் லீவரின் நுனியில் பிளாஸ்டிக் வைத்த கேமராக்கள் 1970களின் தொடக்கத்தில் வந்தவை. 1965இல் எடுத்த படத்தில் இருப்பது இந்தக் கேமராதான் என்று ஒருவர் காட்டி, கையில் இருப்பதில் பிளாஸ்டிக் நுனி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஃபைண்டரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் ஃபோட்டோமிக் 1962, டிஎன் 1967, எஃப்டிஎன் 1968. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபைண்டர் கழன்று வரும், வேறொன்றை மாட்ட ஐந்து விநாடி போதும். 1961இல் வாங்கிய உடலில் 1968 ஃபைண்டர் இருப்பது மிக இயல்பு. லென்ஸும் அப்படித்தான். 1950இல் கொரியப் போரை டங்கன் நிக்கோர் லென்ஸ்களால் எடுத்தார், ஆனால் அவை மாட்டியிருந்த உடல் லைக்கா. உழைத்த கேமராவில் எல்லாம் ஒரே பிறவியாக இருக்க வேண்டியதில்லை. எல்லாமே ஒரே ஆண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தினால் பின்னால் யாரோ ஜோடி சேர்த்திருக்கலாம்.

காகிதங்களில், குடும்பத்தார் கொடுத்த கடிதம் நல்ல தொடக்கம்தான். அதில் உடல் எண், யாரிடமிருந்து யாருக்கு எப்போது வந்தது, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். "இது அப்பாவின் கேமரா" என்ற ஒரு வரியால் எதற்கும் பயனில்லை. அதைவிட வலுவானவை, யாரும் ஆதாரத்துக்காக எழுதாத காகிதங்கள்: பழுது பார்த்த ரசீது, காப்பீட்டுப் பட்டியல், வெளிநாடு போகும்போது சுங்கத்தில் கொடுத்த கருவிப் பட்டியல். 1961ஆம் ஆண்டு ஏடிஏ உடன்படிக்கைக்குப் பிறகு, தொழில் கருவிகளைத் தற்காலிகமாக எல்லை தாண்டிக் கொண்டுபோகும் கார்னே ஆவணத்தில் ஒவ்வொரு கருவியையும் எண்ணோடு எழுதினார்கள். அப்படி ஒரு தாள் அவருடைய கோப்பில் அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. லைக்காவாக இருந்தால், எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்பதைத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கேட்டு வாங்க முடியும். அது கடைவரைக்கும்தான் வழி சொல்லும், கடையிலிருந்து யார் வாங்கினார் என்பதைச் சொல்லாது.

இதையெல்லாம்விட உறுதியான ஒரு சாட்சி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் ஷட்டர் திரைக்கு முன்னால் 24 x 36 மில்லிமீட்டர் செவ்வக ஜன்னல் ஒன்று தெரியும். ஒவ்வொரு ஃபிரேமின் கரையையும் வரைவது அந்த ஜன்னலின் ஓரம்தான். மூலைகளின் வளைவு, ஓரத்தில் துருத்தும் சிறு பிசிறு, பெயின்ட் திரண்ட இடம் எல்லாம் எடுத்த ஒவ்வொரு நெகட்டிவிலும் பதிந்திருக்கும். சில பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அரத்தால் அந்த ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு வெட்டு போட்டு வைத்தார்கள். முதல் உடலுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு. எந்த நெகட்டிவ் எந்த உடலில் எடுத்தது, எந்த உடல் ஃபிலிமைக் கீறுகிறது என்று இருட்டறையில் உடனே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இது. சாதாரணக் கறுப்பு வெள்ளை ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் ஒன்றைப் போட்டு, சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை நிரப்பி எடுங்கள். லென்ஸை முடிவிலியில் வையுங்கள். அவர் எடுத்த படத்தில் இருந்த அதே குவிய நீளம் கிடைத்தால் நல்லது. அகலக் கோண லென்ஸில் ஒளி சாய்வாக வந்து விழுவதால் கரை மயிரிழை அளவு வெளியே தள்ளிப் போகும். கழுவிய நெகட்டிவை முழு ஃபிரேமும் துளைகளும் தெரியும்படி ஸ்கேன் செய்து, நான்கு மூலைகளையும் நெகட்டிவ்களை அதே அளவில் அச்சிட்ட அவருடைய கான்டாக்ட் ஷீட்டில் உள்ள மூலைகளோடு வைத்துப் பாருங்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் திசை. லென்ஸ் வழியே வரும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் ஃபிலிமில் விழுகிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது ஜன்னலின் கீழ் இடது மூலையில் இருக்கும் வெட்டு, நேராக வைத்துப் பார்க்கும் படத்தில் மேல் வலது மூலையில் வரும். ஒப்பிடுவதற்குப் பெரிதாக்கிய பிரிண்ட்டைவிடக் கான்டாக்ட் ஷீட்தான் நம்பகமானது. கறுப்புக் கரையோடு போட்ட பிரிண்ட்டில் தெரிவது பல சமயம் பெரிதாக்கும் கருவியின் நெகட்டிவ் சட்டத்தை அரத்தால் அகலப்படுத்திய கரையாக இருக்கும். இன்னொன்று, வெட்டு பிற்பாடு போட்டதாகவும் இருக்கலாம். அதனால் பழைய படத்தில் வெட்டு இல்லை என்பதை வைத்து மட்டும் தள்ளிவிட வேண்டாம், மூலை வளைவுகளும் பிசிறுகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நான்கு மூலைகளும் பொருந்தினால் அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. இந்தக் காரணத்துக்காகவே, பழுது பார்ப்பவர் அந்த ஜன்னலைத் தேய்க்கவோ கறுப்பு மை பூசவோ கூடாது.

இப்போது ஷட்டர். ஒரு வினாடியில் தயங்குவது இந்த வயதில் எல்லாக் கேமராவிலும் வருவது. ஷட்டரில் முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை பின்னால் ஓடி மூடும். மெதுவான வேகங்களில் இரண்டாவது திரையைப் பிடித்து வைத்து விடுவது பற்சக்கரங்கள் கொண்ட ஒரு தாமதத் தொகுதி. அதிலுள்ள எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டால் சக்கரம் நடுவில் நின்றுவிடும். உயர் வேகங்களில் இந்தத் தொகுதிக்கு வேலையில்லை, அதனால் 1/250 சரியாக இருந்து 1 வினாடி மட்டும் நிற்பது பயப்பட வேண்டிய நோய் இல்லை. மெதுவான வேகங்களில் இருபது முப்பது முறை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிவந்தால் காரணம் கிரீஸ்தான் என்பது உறுதி. ஆனால் மறுநாள் காலையில் மறுபடி நிற்கும். வெளியிலிருந்து எண்ணெயோ லைட்டர் பெட்ரோலோ ஒரு சொட்டுகூட விடாதீர்கள். பசையைக் கரைத்துக்கொண்டு அது திரை உருளைகளுக்கும் ஃபைண்டருக்குப் பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடியின் அச்சுக்கும் போய்ச் சேரும். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக நிற்கும்.

வேகத்தை அளக்க, நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைப்பேசி போதும். லென்ஸையும் பின்மூடியையும் கழற்றிவிட்டு, வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே கேமராவை வைத்துப் பின்னாலிருந்து படமெடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணினால் 1 வினாடிக்கு 240, 1/2க்கு 120, 1/8க்கு 30, 1/30க்கு 8 என்று வர வேண்டும். ஒரு வினாடிக்கு 290 வந்தால்கூடக் கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) சொச்சம்தான் தவறு, ஃபிலிமுக்கு அது ஒன்றுமில்லை. 1/30க்கு மேல் இந்த முறை உதவாது. அங்கே ஃபிலிமைத்தான் கேட்க வேண்டும். அதே வெள்ளைச் சுவரை 1/1000, 1/500, 1/250 மூன்றிலும் ஒரே அளவு ஒளி விழும்படி லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை, மாற்றி எடுங்கள். எஃப் கேமராவில் திரைகள் குறுக்கே ஓடுவதால், ஃபிரேமின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் போக இருண்டால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் முழுக்கப் படமே இல்லாமல் போனால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிட்டது. ஸ்பிரிங் இழுவிசையை முறுக்கிச் சரிசெய்வது கடைசி வேலை, முதலில் உருளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை முறுக்கினால் திரைக்கும் அச்சுக்கும் கேடு. 1/1000 என்பது 1/700 ஆக ஓடினால் அரை ஸ்டாப் அதிகம், அவ்வளவுதான். அதை அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது.

திரையில் சுருக்கங்கள் தெரிந்தால் கலங்க வேண்டாம். எஃப் கேமராவின் திரை மிக மெல்லிய டைட்டேனியத் தகடு, சுருக்கம் அதற்கு இயல்பு. கிழிசல்தான் கெடுதல். இதற்கு நேர்மாறாக லைக்கா எம் வகையில் ரப்பர் பூசிய துணித் திரை. லென்ஸைத் திறந்து வைத்து வெயிலில் காட்டினால் பூதக்கண்ணாடிபோல வேலை செய்து துணியில் ஊசித் துளை எரிந்துவிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் துளை நட்சத்திரமாகத் தெரியும்.

பழுது பார்ப்பவரிடம் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். தாமதத் தொகுதியைக் கழற்றிக் கழுவி, அச்சு முனைகளுக்கு மட்டும் ஊசி நுனியால் கடிகார எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். உருளைகளையும் கண்ணாடி அச்சையும் சுத்தம் செய்யட்டும். கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தில் உள்ள நுரைப் பட்டை தார்போல ஆகியிருந்தால் மாற்றட்டும், இல்லாவிட்டால் அது உதிர்ந்து ஃபோகஸ் திரையில் ஒட்டும். வெளிப்புறத்துக்கு மெருகு, பெயின்ட், புதிய மேல்தோல், ஒடுக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். மேல்தோலை உரிக்க வேண்டி வந்தால் அதையே திரும்ப ஒட்ட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகமும், அது ஒரு திருகாக இருந்தாலும், உறையில் போட்டு என்ன, எங்கிருந்து, எந்தத் தேதி என்று எழுதித் திரும்பத் தர வேண்டும். திருப்புளி விஷயமும் கேளுங்கள்: ஜப்பானியக் கேமராக்களின் பிளஸ் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையைப் பிய்த்துவிடும். ஐம்பது வருடம் தப்பித்த திருகு ஐந்து நிமிடத்தில் நாசமாவதைப் பார்க்கச் சகிக்காது.

முள் அசையாத மீட்டருக்கு முதல் சந்தேகம் பேட்டரி. எஃப்டிஎன் எதிர்பார்ப்பது பிஎக்ஸ் 625 என்ற பாதரச பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 1.35 வோல்ட். அவை இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி, தீரத் தீர இறங்கிக்கொண்டே போகும். மின்னழுத்தம் கூடினால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டாக வரும். காதுகேள் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட்டில் சீராக நிற்கும். அதன் விட்டம் 11.6 மில்லிமீட்டர், பழையது 15.6 சொச்சம், ஆகவே நடுவில் நிற்க ஒரு வளையம் வேண்டும். மேலே உள்ள தாளைப் பிய்த்த பிறகு சில மாதம்தான் உழைக்கும்.

உள்ளே பழைய பாதரச பேட்டரி இருந்தால் கையுறை போட்டு எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, நச்சுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போடாதீர்கள். தொடுமுனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் மிகக் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு வடிநீரால் துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் உள்ளே ஒழுகக் கூடாது. அப்படியும் அசையவில்லை என்றால் உள்ளே கம்பி அரித்திருக்கும். முள் அசைகிறது, ஆனால் துள்ளித் துள்ளி ஓடுகிறது என்றால், வளைய மின்தடையின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு ஃபைண்டரைப் பலிகொடுக்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பேன். ஃபைண்டரை அப்படியே வைத்துக்கொண்டு கையடக்க மீட்டரால் அளந்து எடுங்கள். எஃப் உடல் முழுக்க இயந்திரம், பேட்டரி இல்லாமலே எல்லா வேகமும் ஓடும். பிரிசத்தில் கறுப்புத் திட்டுகள் தெரிவதும் அப்படித்தான். பார்க்கும்போது உறுத்தும், படத்தில் விழாது. விட்டுவிடுங்கள்.

மீட்டர் வேலை செய்தால் லென்ஸ் மாட்டுவதில் ஒரு முறை உண்டு. அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/5.6இல் வைத்து, லென்ஸின் மேலுள்ள முயல் காது போன்ற கொக்கி ஃபைண்டரின் ஊசியைப் பிடிக்கும்படி மாட்டி, வளையத்தை மிகச் சிறிய துளைவரை ஒரு திருப்பு, மறுபடி மிகப் பெரிய துளைவரை ஒரு திருப்பு. இதில்தான் லென்ஸின் உச்ச அப்பர்ச்சர் எவ்வளவு என்பதை மீட்டர் தெரிந்துகொள்கிறது. இதைச் செய்யாமல் அளந்துவிட்டு மீட்டர் பொய் சொல்கிறது என்று பழிபோடுவது அடிக்கடி நடக்கும்.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருக்கிறதா என்பதை. எஃப்/16இல் வைத்து, பின்னாலுள்ள நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் ஷட்டர் திறக்கும்போது துளை இன்னும் பெரிதாக இருக்கும், படம் வெளுத்துப்போகும். இதழில் ஈர மினுமினுப்புத் தெரிந்தால் ஃபோகஸ் செய்யும்போது சுழலும் மரையின் கிரீஸ் உருகி அங்கே வந்திருக்கிறது, கழற்றிக் கழுவ வேண்டும். பூஞ்சையும் புகைமூட்டமும் அலமாரி தந்தவை, அகற்றலாம். முன் கண்ணாடியில் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள் அவர் தந்தவை, அவை இருக்கட்டும். எதிர் வெளிச்சத்தில் கொஞ்சம் மூட்டம் போடும், அவ்வளவே.

பிரிசத்தில் ஒடுக்கு விழும் அளவுக்கு அடி வாங்கியிருப்பதால் ஒரு சோதனை கட்டாயம். எஃப் மவுண்டில் லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து ஃபிலிம்வரை 46.5 மில்லிமீட்டர். மவுண்ட் ஒரு பக்கம் நூலளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கும். பின்மூடியைக் கழற்றி, சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் வைத்து டேப் ஒட்டுங்கள். வேக டயலை டி-யில் வைத்து அழுத்தினால் ஷட்டர் திறந்தபடி நிற்கும். லென்ஸை முழுக்கத் திறந்து, தூரத்துக் கம்பம் ஒன்றை ஃபைண்டரில் கூர்மையாக்கி, அதே கம்பம் கண்ணாடித் துண்டில் நடுவிலும் இரு ஓரத்திலும் கூர்மையாக விழுகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஃபைண்டரில் பார்த்த பிறகுதான் ஷட்டரைத் திறக்க வேண்டும், திறந்த பிறகு ஃபைண்டர் இருட்டாகிவிடும். நடுவே மங்கினால் ஃபைண்டருக்குப் பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடியின் நிறுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் மங்கினால் மவுண்டைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் படத்தைக் கெடுப்பவை என்பதால் தயங்காமல் சரிசெய்யலாம்.

துடைப்பதற்கு மென்மையான தூரிகையும் காற்றூதியும் போதும். ஒட்டிக்கொண்ட அழுக்குக்கு, வடிநீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. பழைய பெயின்டில் ஆல்கஹால் படக் கூடாது. பித்தளை பளபளப்பாக்கும் பாலிஷ் பக்கமே போகாதீர்கள். விரல் பட்டுப் படிந்த பழுப்பு நிறம் ஒரே துடைப்பில் போய்விடும், திரும்பி வராது. தோல் உறையில் வைத்துப் பூட்டுவதும் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிடப் பயன்பட்ட அமிலம் பித்தளையில் களிம்பு ஏற்றும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் பெட்டியில், லீவரை இழுத்து ஷட்டரை ஏற்றி வைக்காமல், பேட்டரி இல்லாமல், லென்ஸைத் தனியாக வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் நாலைந்து முறை அழுத்துங்கள். சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் சுய இயக்கியைத் தொடாதீர்கள். அதன் ஸ்பிரிங் பாதியில் சிக்கினால் கேமராவே முடங்கிவிடும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று ரோல் எடுப்பது கேமராவுக்கு நல்லதுதான், ஃபிலிமைத் தானே நகர்த்தும் மோட்டார் மட்டும் மாட்டாதீர்கள். காது பாதிக்கு மேல் அறுந்திருந்தால் வாரில் தொங்கவிட வேண்டாம், அடியில் முக்காலி மாட்டும் திருகுத் துளையில் மாட்டும் கைப்பட்டை போதும். ஃபிலிம் போடும்போது பின்மூடி அடித்தட்டோடு சேர்ந்து முழுசாகக் கழன்று கையில் வரும், அதை வைக்க இடம் பார்த்துக்கொண்டு திறவுங்கள். போட்டு மூடிய பிறகு லீவரை இழுக்கும்போது சுருட்டும் கைப்பிடி எதிர்த்திசையில் சுற்றுகிறதா, ஷட்டர் பொத்தானில் உள்ள புள்ளி சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் ஃபிலிம் ஓடுகிறது. முடிவில் லீவர் இறுகினால் இன்னொரு படத்துக்காக அழுத்தி இழுக்காதீர்கள், ஃபிலிமின் துளைகள் கிழிந்து துணுக்குகள் ஷட்டருக்குள் விழும். பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை ஏ-யிலிருந்து ஆர்-க்குத் திருப்பி, மெதுவாகச் சுருட்டுங்கள். புள்ளி சுழல்வது நின்று, கைப்பிடி திடீரென்று இலகுவானால் ஃபிலிம் முழுக்க உள்ளே போய்விட்டது, பின்மூடியைத் திறக்கலாம்.